பூஜ்யம் வாங்கிய கொழுந்தனும் பன்னிரண்டு வாங்கிய நானும்

என் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு எல்லாம் முதல் தாளில் எழுதப்பட்டு அதில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வயது நாற்பத்தேழு. இரும்புக் குழாய் ஆலையின் சரக்கேற்றும் கூடத்தில் கிரேன் ஓட்டுநர். தற்போது கிரேன் ஓட்ட அனுமதி இல்லாமல், அதே ஆலையின் ஸ்டோரில் கையுறை எண்ணும் வேலையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன். யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இன்றி, முழு நினைவுடனும் கோபத்துடனும் இதைச் சொல்கிறேன். கோபத்துடன் என்ற சொல் வேண்டாமே என்றார் காவல் நிலைய எழுத்தர். இருக்கட்டும் என்றேன்.

என் மேல் சொல்லப்பட்டிருக்கும் குற்றங்கள் மூன்று. கிரேனுக்கு ஏறும் ஏணிக் கதவின் பூட்டை உடைத்தேன், ஆலையின் நல அலுவலரைக் கன்னத்தில் அறைந்தேன், அனுமதியில்லாமல் கிரேனை இயக்கினேன். மூன்றும் உண்மை. பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அதே புகாரில் நான் மனச்சோர்வு நோயால் நிலை தடுமாறி இப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறார்கள். அது பொய். என் கொழுந்தனுக்கு மனதளவில் எந்தக் குறையும் இல்லை, வரும் திங்கட்கிழமை முதல் அவன் மறுபடி கிரேனில் ஏற வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது பொய்யைவிட மோசம். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்று என் கணவர் போனில் சொல்லியும் கேட்காமல் நான் பேசுவது அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான்.

என் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவருடைய தம்பி, வயது முப்பத்தாறு, மணமாகாதவன், எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறான். சாப்பாடு எங்களோடு. நான் காலை ஷிப்டில் ஓட்டும் அதே கிரேனை அவன் பிற்பகல் ஷிப்டில் ஓட்டுகிறான். "அவர்" என்று எழுதட்டுமா என்று எழுத்தர் கேட்டார். கொழுந்தனை நான் அவன் என்றுதான் சொல்வேன். கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. வாய் மூடாது. மேலே உட்கார்ந்துகொண்டு வாக்கி-டாக்கியில் பாட்டுப் பாடுவான். ஃபோர்மேன் நடந்து போனால் அவர் நடைக்கு ஏற்றபடி வெறும் கொக்கியை மெல்ல ஆட்டிக் காட்டுவான். கீழே இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஃபோர்மேன் திரும்பிப் பார்த்தால் கொக்கி அசையாமல் நிற்கும்.

எங்கள் வேலையில் இரண்டு விஷயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, கொக்கியில் லோடு தொங்கும்போது ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழக் கூடாது. தலை போகிற அவசரமாக இருந்தாலும் லோடைத் தரையில் வைத்த பிறகுதான் எழ வேண்டும். இதை மட்டும் யாரும் மீறியதில்லை, ஏனென்றால் கீழே நிற்பது நம் ஆட்கள். மற்றொன்று, ஷிப்ட் தொடங்கும்போது நிரப்ப வேண்டிய அட்டை. பிரேக், கம்பிவடம், கொக்கி, ஹாரன் ஒவ்வொன்றுக்கும் எதிரே "சரி" அல்லது "சரியில்லை" என்று எழுத வேண்டும். ஒரு இடத்தில் "சரியில்லை" என்று எழுதினாலும் கிரேன் நின்றுவிடும், வெளியே லாரிகள் வரிசை கட்டும், மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து நம்மைத்தான் குடைவார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் "சரி" என்று எழுதிவிட்டு, மெக்கானிக்கிடம் வாயால் சொல்லிவிடுவோம். "பிரேக் கொஞ்சம் வழுக்குது, பாருங்க" என்றால் அவர் சாப்பாட்டு நேரத்தில் ஏறிச் சரிசெய்துவிடுவார். அட்டை ஆபீசுக்கு, நிஜம் மெக்கானிக்குக்கு. இது தவறு என்று எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் கூடத்தில் ஒரு லோடுகூட விழுந்ததில்லை.

சென்ற மழைக்காலத்தின்போது புதிதாக ஒரு நல அலுவலர் வந்தார். பணியாளர்களின் மனநலத்தைக் கவனிக்கப் போவதாகச் சொல்லி, ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொண்டுவந்தார். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, சோர்வு உண்டா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதா என்று கேட்டிருக்கும். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. கூட்டிப் பார்த்துப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் கிரேனில் ஏற முடியாது. கேட்க நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மனிதர் அந்தத் தாளை எங்கே வைத்தார் என்றால், கிரேன் அட்டை செருகிய அதே பலகையில், அட்டைக்கு அடியில் வைத்தார். ஷிப்ட் மணி அடிக்கும் நேரத்தில், ஃபோர்மேன் பக்கத்தில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்ட, எங்கள் ஆட்கள் அட்டையை எப்படி நிரப்பினார்களோ அப்படியே தாளையும் நிரப்பினார்கள். பிரேக் சரி, ஹாரன் சரி, தூக்கம் சரி, மனசு சரி. என் கொழுந்தனும் அப்படித்தான் நிரப்பினான். கிரேனுக்காவது வாயால் சொல்ல ஒரு மெக்கானிக் இருந்தார். இதற்கு அப்படி ஒருவரை ஆலை வைக்கவில்லை.

அன்று நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் நல அலுவலர் என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "மனசுல உள்ளதை அப்படியே எழுதுங்கம்மா. யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். நான் நம்பினேன். எனக்கு மாதவிலக்கு நிற்கிற காலம். படுத்தால் உடம்பெல்லாம் அனல் அடிக்கும், வேர்த்து நனைந்து எழுந்து உட்கார்வேன். தூக்கத்துக்கு மூன்று. தூங்காதவளுக்குச் சோர்வு இல்லாமல் இருக்குமா, அதற்கு மூன்று. பசிக்கு இரண்டு, கவனத்துக்கு இரண்டு, படபடப்புக்கு இரண்டு. மனவருத்தம் உண்டா, உயிர்மேல் வெறுப்பு உண்டா என்பது போன்ற மீதி நான்கு கேள்விகளுக்கும் பூஜ்யம். கூட்டினால் பன்னிரண்டு. அவர் முகம் மாறியது. "கவலைப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்" என்றார். டீயை வாயில் வைத்தபடி நான் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று யோசித்தேன். அன்று மாலையே கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இது மாதவிலக்குக் கோளாறு, நேற்றுதான் பெண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று அவரிடம் சொன்னேன். சரி, மனநல மருத்துவர் யாரையாவது வைத்து என்னிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அதற்கெல்லாம் இப்போது ஏற்பாடு இல்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி தாளை நிரப்புங்கள் என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன தாளின் விவரம் மறுநாளே கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. பல வருடமாக என்னை "ஏம்மா, தூங்குறியா?" என்று கத்திக்கொண்டிருந்த ஃபோர்மேன், "தங்கச்சி, சாப்டியா?" என்று குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார். கேன்டீன்காரர், உடைத்து ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயந்து, எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளருக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். நான் கோபப்பட்டால் நோய் என்றார்கள். கோபப்படாமல் இருந்தால் பாவம் அடங்கிவிட்டாள் என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கையுறை எண்ணினேன்.

அதன் பிறகு ஆலையில் ஒரு கூட்டம் நடந்தது. சரக்கேற்றும் கூடத்தில் என்னைத் தவிர அத்தனை பேரும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்குள் இருப்பதாகவும், ஆலையிலேயே மகிழ்ச்சியான கூடம் அதுதான் என்றும் நல அலுவலர் மேடையில் பேசினார். ஒன்பது கேள்விக்கும் பூஜ்யம் வாங்கியவர்களைக் கூப்பிட்டு "மகிழ்ச்சி" என்று அச்சடித்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார். என் கொழுந்தனும் ஒன்று வாங்கினான். வீட்டுக்கு வந்து அதை என் முன்னால் வைத்து, "அண்ணி, பள்ளிக்கூடத்துல பூஜ்யம் வாங்கி முட்டி போட்டிருக்கேன். பரிசு வாங்குனது இதான் மொதல் தடவை. நீங்க பன்னெண்டு வாங்கியும் ஃபெயிலு" என்றான். நானும் சிரித்தேன். அவன் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். கேன்டீனில் சாப்பிட்டுவிட்டேன் என்றான்.

கூடவே இருந்தும் உனக்குத் தெரியவில்லையா என்று ஃபோர்மேன் என்னைக் கேட்டார், இங்கே ஆய்வாளரும் கேட்டார். தெரியவில்லை. தினமும் அவனுக்குச் சோறு போட்ட எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போவதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தத் தாள் வந்தது? எனக்கே தெரிந்திருந்தால் அந்தத் தாள் எதற்கு, அந்த அலுவலர் எதற்கு?

என்னை இறக்கிவிட்டதால் என் ஷிப்டையும் கொழுந்தன் தலையிலேயே கட்டினார்கள். பூஜ்யம் வாங்கியவன் என்பதால் எவ்வளவு வேலையும் தாங்குவான் என்று நல அலுவலரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வாரம் காலையிலும் மதியத்திலும் அவன்தான் ஓட்டினான்.

சம்பவம் நடந்த அன்று பிற்பகல் நான் ஸ்டோரில் இருந்தேன். கிரேன் சத்தம் நின்றது. சாதாரணமாகவும் நிற்கும், ஆனால் நின்றால் பாட்டுச் சத்தமாவது கேட்கும். வெளியே வந்து பார்த்தேன். குழாய்க் கட்டு ஒன்று இரண்டாள் உயரத்தில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிக்னல்காரர் கீழே இருந்த எல்லோரையும் விலக்கிவிட்டு, மேலே பார்த்துக் கையசைத்துக் கையசைத்து ஓய்ந்துபோயிருந்தார். வாக்கி-டாக்கியில் கூப்பிட்டால் பதில் இல்லை. ரேடியோ விளையாடுகிறான் என்று சிலர் சிரித்தார்கள். ஃபோர்மேன் மின்சாரம் போயிருக்கும் என்றார். கேபின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு நல அலுவலர் வந்தார். மேலே ஆள் அனுப்புங்கள் என்றேன். அந்தக் கிரேனுக்கு அனுமதி பெற்றவர்கள் இரண்டே பேர், ஒருவர் மேலே இருக்கிறார், இன்னொருவர் நீங்கள், உங்களை அனுப்ப முடியாது, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன், வரட்டும் என்றார். அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது சார் என்றேன். அதற்கு அவர் சொன்ன வார்த்தை இது. "அவர் பூஜ்யம்மா. அவருக்கு ஒண்ணும் இருக்காது. நீங்கதான் டென்ஷன் ஆகக் கூடாது." நான் ஏணிக் கதவின் சாவியைக் கேட்டேன். "பன்னெண்டு மார்க் வாங்கினவங்க கையில நான் எப்படிச் சாவி தர்றது?" என்றார். என்னை இறக்கிவிட்ட நாள்முதல் ஏணிக் கதவைப் பூட்டிச் சாவியை அவர்தான் வைத்திருந்தார்.

நான் மெக்கானிக்கின் பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துப் பூட்டை உடைத்தேன். நல அலுவலர் என் தோளைப் பிடித்து இழுத்தார். திரும்பி ஒரு அறை விட்டேன். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையால்தான் அறைந்தேன், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா, இதான் பன்னெண்டு" என்றார். நான் ஏணியில் ஏறினேன்.

கேபினில் என் கொழுந்தன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் மடியில் இருந்தன. கண் திறந்திருந்தது. அந்த மகிழ்ச்சி பாட்டில் காலடியில் கிடந்தது. என்னப்பா ஆச்சு, லோடை ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன். அவன் கண் கீழே தொங்கிய கட்டின் மேலேயே இருந்தது. பிறகு, "லோடை எறக்கிட்டா நான் எழுந்துடுவேன் அண்ணி. எழுந்தா உயிரோட வீட்டுக்கு வர மாட்டேன். அதான் தொங்க விட்டிருக்கேன்" என்றான்.

இதை ஆய்வாளர் இரண்டு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். லோடு தொங்கும்போது ஓட்டுநர் எழக் கூடாது என்பது எங்கள் விதி. தன்னைத் தானே நம்ப முடியாமல் போன நேரத்தில், அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். கீழே இருந்தவர்கள் விளையாட்டு என்றார்கள், மின்சாரம் என்றார்கள். புகாரில் வேலையில் தாமதம் என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் கத்தவில்லை. லோடையும் தொடவில்லை. கேபின் தரையில் அவன் காலருகில் உட்கார்ந்தேன். அதன் பிறகு, "அட்டை, தாள் எல்லாம் கெடக்கட்டும். மெக்கானிக்கிட்ட சொல்ற மாதிரி வாயால சொல்லு. எது வேலை செய்யலை?" என்று கேட்டேன். "எதுவுமே வேலை செய்யலை அண்ணி" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். மழைக்கு முன்பிருந்து என்றான். தூங்குவதில்லை, சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது, காலையில் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கே ஒரு யுகம் ஆகிறது என்றான். காரணம் கேட்டேன். தெரியவில்லை என்றான். கடன் இல்லை, காதல் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. காரணம் இல்லாமல் இப்படி வருமா என்று இங்கே ஒரு காவலர் கேட்டார். வந்திருக்கிறதே, அவனைக் கேட்டா வந்தது? பிறகு ஏன் தினமும் சிரித்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டதற்கு, "நிறுத்தினா எல்லாரும் என்னன்னு கேப்பாங்க அண்ணி. கேட்டா சொல்லத் தெரியாது" என்றான். தாளில் ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவே இல்லை. எழுதியிருந்தால் அவனுக்கு ஸ்டோரில் என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருப்பார்கள்.

அவன் அழுது முடிக்கும்வரை இருந்தேன். அதன் பிறகு அவனைத் தரையில் உட்கார வைத்து, என் சட்டை நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடித்தேன். சிக்னல்காரர் கை காட்டினார். லோடைத் தரையில் வைத்தேன். அனுமதியின்றி கிரேனை இயக்கியது இதுதான். பிறகு ஒரு கையால் சட்டை நுனியைப் பிடித்தபடியே அவன் என்னோடு ஏணியில் இறங்கினான். கீழே யாரும் சிரிக்கவில்லை. நல அலுவலர் என் பெயரைப் புகாரில் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றே அவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மனநல மருத்துவர் ஒரு அம்மா. அவர் மேசையிலும் அதே ஒன்பது கேள்வித் தாள் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கிழித்துப் போடலாம் போல வந்தது. அவர் கேள்வியை வாசித்தார். ஏணியிலிருந்து இறங்கிய அதே கொழுந்தன், "இல்ல டாக்டர், சரியாத்தான் இருக்கேன்" என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் சொன்னான். பழக்கம். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "நேத்து படுத்ததுலேர்ந்து காலைல எழுந்த வரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவன் பேசும்வரை பேசாமல் இருந்தார். அதற்குத்தான் வெகுநேரம் ஆனது. பிறகு எல்லாம் வந்தது.

தாளைப் பற்றி நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கோபப்படவில்லை. "தாள் மேல பழி போடாதீங்கம்மா. யாரைக் கூப்பிட்டுப் பேசணும்னு காட்டத்தான் அது. யாருக்கு நோய் இருக்கு, இல்லைன்னு முடிவு பண்ண இல்லை. வேலை போயிடும்னு பயமிருக்கற இடத்துல கேட்டா யாரா இருந்தாலும் பூஜ்யம்தான் போடுவாங்க" என்றார். என்னிடமும் பேசிப் பார்த்து, எனக்கு மனச்சோர்வு இல்லை, ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்றார். நாள் முழுக்க இரும்புக்கு நடுவே இருப்பவளுக்கா என்று கேட்டேன். அன்று கொழுந்தன் ஒரே ஒரு முறை சிரித்தது அதற்குத்தான்.

அவனுக்குச் சிகிச்சையும் ஓய்வும் வேண்டும், இப்போது தனியாக விடக் கூடாது, கிரேனில் ஏற்றவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதை ஆலையில் கொடுத்தேன். எங்கள் பதிவில் இவர் பூஜ்யம், எனவே விடுப்பு தர இயலாது, திங்கட்கிழமை வராவிட்டால் வேலையை விட்டு நின்றதாகக் கருதப்படும் என்று பதில் வந்தது. எழுதியவர் அதே நல அலுவலர். நடந்ததை அத்தனை பேர் பார்த்த பிறகும் எழுதியிருக்கிறார். அவன் பூஜ்யம் தப்பு என்று ஒப்புக்கொண்டால் மேடையில் கைதட்டல் வாங்கிய அத்தனை பூஜ்யமும் தப்பாகிவிடும் என்ற பயம். எனக்கு அவரை அறைந்ததில் வருத்தம் இல்லை. வருத்தம் தெரிவித்தால் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லி அனுப்பினார். தெரிவிக்க மாட்டேன். பூட்டுக்கு உண்டான நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும், என்னை வேலையைவிட்டே அனுப்பட்டும். என் கொழுந்தனைத் திங்கட்கிழமை அந்த ஏணியில் ஏற்றக் கூடாது என்று ஆலைக்கு உத்தரவிட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். இப்போது அவன் வெளியே பெஞ்சில், என் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

நான் சொல்லி முடித்த பிறகு எழுத்தர் தாளை என் பக்கம் திருப்பி, கடைசியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பல வருடமாகக் கிரேன் அட்டையில் பார்க்காமலே "சரி" எழுதி வந்தவள் நான். இதை முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். நல அலுவலரை அறைந்த இடத்தில் "ஆத்திரத்தில் அறிவிழந்து" என்று எழுதியிருந்தார். ஆத்திரம் இருக்கட்டும், அறிவிழந்து என்பதை எடுத்துவிடுங்கள் என்றேன், எடுத்தார். மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது இதில் உள்ளது ஒவ்வொன்றும் நான் வாயால் சொன்னது, நடந்தது. சரி.

(கையெழுத்து)